தூங்குகிற பேட்டரிக்குப் பாதி போதும்

லேப்டாப் பழுதுபார்க்கிறவனிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "நான் ஒண்ணுமே செய்யலை." பெரும்பாலும் அது உண்மை. ஒன்றும் செய்யாமல் விட்டதுதான் கோளாறாக இருக்கும். உங்கள் வீட்டு அலமாரியிலும் புடவைக்கும் போர்வைக்கும் நடுவில் ஒரு லேப்டாப் படுத்திருக்கும். அது எப்படி இருக்கிறது என்று எட்டிப்பார்க்க உங்களுக்கும் பயமாகத்தான் இருக்கும். ஆகவே இதைப் படிக்கிற நீங்களும் நானும் ஒரே படகில்தான் இருக்கிறோம்.

என் கடை மட்டாஞ்சேரியில், சுக்கு மிளகு கிடங்குகள் இருக்கிற தெருவில். டேப் ரெக்கார்டரில் ஆரம்பித்து, டிவிக்குப் போய், அதுவும் ஓய்ந்த பிறகு லேப்டாப்புக்கு வந்தவன் நான். யாரிடமும் படித்ததில்லை. செத்த மிஷின்களைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். சில வருடங்களுக்கு முன்னால் எர்ணாகுளத்தில் ஓர் அலுவலகம் பழைய லேப்டாப்புகளை மொத்தமாகக் கழித்தபோது, ஓர் ஆட்டோ நிறைய வாங்கிவந்து, துடைத்துச் சரிசெய்து, தெரிந்தவர்களுக்கு விற்றேன். எல்லாம் ஒரே மாடல். பேட்டரியை வெளியிலிருந்து கழற்ற முடியாதபடி உள்ளேயே திருகி வைத்திருக்கும்.

விற்கும்போது எல்லோருக்கும் மூன்று விஷயம் சொன்னேன். சார்ஜ் சுத்தமாகத் தீர விடாதீர்கள். ரொம்ப நாள் எடுத்துவைப்பதாக இருந்தால் நிறைய சார்ஜ் ஏற்றிப் பூட்டிவைக்காதீர்கள், பாதி போதும். சூடு படாத, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். மூன்றே விஷயம்தான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

இஸ்திரி

போன ஜூன் மழையில் முருகேசன் கடைக்கு வந்தார். போர்ட் கொச்சி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். நான் விற்ற லேப்டாப்பை வேட்டியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். பின்னால் மகள் மல்லிகா, முகம் வாடி நின்றாள். வேட்டியைப் பிரித்தால், லேப்டாப் நடுவில் புடைத்திருந்தது. விரல் தேய்க்கிற பலகை மேலே எழும்பியிருந்தது. மூடி மூடவில்லை.

திருகுகளைக் கழற்றி அடித்தட்டை எடுத்தேன். பேட்டரி பொரித்த பப்படம் மாதிரி உப்பியிருந்தது. இஸ்திரி போட்ட துணி அடுக்கின் மேல்தான் மல்லிகா லேப்டாப்பை வைத்துப் படிப்பாளாம். கீழே துணிச் சூடு, பக்கத்தில் எந்நேரமும் சார்ஜர். உப்பாமல் என்ன செய்யும்? ஆனால் பேட்டரியின் நடுவில் ஓர் அழுத்தமான பள்ளம் இருந்தது. அது உப்பினதால் வந்ததில்லை. முக்கோணமாக இருந்தது.

"இது என்ன முருகேசா?" என்றேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். மேடாக இருக்கிற எதையும் தட்டையாக்குவதுதானே அவர் தொழில்? பழைய கரி இஸ்திரிப் பெட்டியை எடுத்து, ஒரு பகல் முழுக்க லேப்டாப்பின் மேல் ஏற்றிவைத்திருக்கிறார். உப்பின பேட்டரியை அழுத்தினால் தீப்பிடிக்கும் என்று நான் பதறிச் சொல்லி, அதை மெல்ல எடுத்து, முற்றத்தில் மணல் போட்ட இரும்பு வாளிக்குள் வைத்துவிட்டு வந்தேன். நீங்களும் அப்படி ஒன்றைக் கண்டால் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள். முருகேசன் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டு சொன்னார்: "சூடு வைக்கலை அண்ணாச்சி. பாலியெஸ்டருக்கு வைக்கிற சூடுகூட வைக்கலை. வெறும் வெயிட்தான்."

பெட்டி பிரிக்காத சாமான்

மல்லிகா பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். காக்கநாட்டில் ஒரு கம்பெனி வேலைக்கு எடுக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்தே தேர்வு எழுத வேண்டும். சோதனை ஓட்டமெல்லாம் முடித்து, இந்த லேப்டாப்பைத்தான் கம்பெனியில் பதிவு செய்திருக்கிறார்கள்; வேறு மிஷினில் எழுத முடியாது. நடுவில் நின்றுபோனால் மறுபடி உள்ளே நுழையவும் முடியாது. முன்பு ஒரு கம்பெனித் தேர்வில் பாதியில் கரண்ட் போய் வெளியே நின்றவள் அவள். பேட்டரி அன்றைக்கே தளர்ந்திருந்தது என்பது இப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. பேட்டரி இல்லாவிட்டாலும் சார்ஜரில் இந்த மிஷின் ஓடும். ஆனால் ஜூன் மாதத்தில் சலவைக்கூடத்துப் பக்கம் ஒரு தென்னை மட்டை ஆடினாலே கரண்ட் போய்விடும்.

இந்த மாடலுக்கு இப்போது பேட்டரி செய்வதில்லை. எர்ணாகுளத்தில் உதிரிபாகம் விற்கிற ஒருவரிடம் ஒன்று இருப்பதாகச் சொல்லி, பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். சீல் உடையாத பெட்டி, உள்ளே பளபளவென்று பேட்டரி. மாட்டினேன். சார்ஜ் ஏறவே இல்லை. எத்தனையோ வருடம் கடைத் தட்டில் கிடந்து, தானாகவே இறங்கி இறங்கி, எழுப்ப முடியாத ஆழத்துக்குப் போயிருந்தது. போன் செய்து கேட்டால், அந்த ஆள் உண்மையிலேயே மனம் புண்பட்டுவிட்டார். "அண்ணாச்சி, அது புதுசு. பெட்டியே பிரிக்கலை. யாரும் கை வைக்காத சாமான் எப்படிப் பழசாகும்?"

ஆஃப் செய்யக்கூடாது

மல்லிகா மறுபடி கூரையைப் பார்த்தாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் விற்ற அதே மாடலை இன்னும் வைத்திருக்கிற வீடுகள் நாலு இருக்கின்றனவே. ஒரு பேட்டரியை ஒரு நாளைக்கு இரவல் கேட்டால் தரமாட்டார்களா?

முதலில் எங்கள் தெருவிலேயே இருக்கிற பை சாரிடம் போனேன். சுக்குக் கிடங்கில் கணக்கு எழுதுகிற கொங்கணிக்காரர். எங்கள் தெருவில் எல்லோரையும்போல் அவரும் நாலு பாஷை பேசுவார். அவருடைய லேப்டாப் வாங்கின அன்றைக்கு மேஜையில் வைத்த இடத்திலேயே இருந்தது. சார்ஜர் சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, மலையாளத்திலும் தமிழிலும் இந்தியிலும் "ஆஃப் செய்யக்கூடாது" என்று எழுதியிருந்தார். சுமை தூக்குகிறவர்களில் ஒருவர்கூடத் தெரியாமல் அணைத்துவிடக்கூடாதாம். தீர விடாதீர்கள் என்று நான் சொன்னதை அவர் மறக்கவே இல்லை.

திரையின் மூலையில் பேட்டரி நிறைய இருப்பதாகக் காட்டியது. பை சாருக்குப் பெருமை. "பாருங்க, ஃபுல்." நான் அவர் அனுமதியோடு டேப்பைப் பிரித்து, சார்ஜரை உருவினேன். உருவின வேகத்தில் திரை கறுத்தது. வருடக்கணக்கில் நிறைந்தே கிடந்து, சுக்குக் கிடங்குச் சூட்டில் வெந்து, அதனுள் ஒன்றுமே மிச்சமில்லை. காட்டுவது மட்டும் நிறைவு. நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, பை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வாங்கின நாளிலிருந்து அதைப் பிடுங்கினதே இல்லை. உயிரோட இருந்தது. இன்னிக்கு நீங்க பிடுங்கினீங்க, செத்துப்போச்சு. இனி நீங்களே சொல்லுங்க, கொன்னது யாரு?"

வீட்டைப் பூட்டும் முறை

அடுத்து பள்ளுருத்தி. விஜயம் டீச்சர் ஓய்வு பெற்றவர், பாலக்காட்டுத் தமிழ் பேசுகிறவர். மகளுக்குப் பிரசவம் பார்க்கப் பெங்களூர் போய் மழைக்கு முன்புதான் திரும்பியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, நனைந்து போய்ச் சேர்ந்தேன். டீச்சர் துண்டு கொடுத்தார், காப்பி கொடுத்தார், லேப்டாப்பையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நல்ல அலமாரி, காற்றோட்டமான இடம். நம்பிக்கையோடு சார்ஜரைச் செருகினேன். விளக்கு எரியவில்லை.

"டீச்சர், எடுத்துவைக்கும்போது எவ்வளவு சார்ஜ் இருந்தது?" என்று கேட்டேன். "ஒரு பொட்டு இல்லே" என்றார், நான் பாராட்டுவேன் என்ற எதிர்பார்ப்போடு. நிறைய வைத்துப் பூட்டக்கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அதற்காகக் கிளம்புவதற்கு முதல் நாள் பாட்டு ஓடவிட்டு, அது தானாக அணைகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து, பிறகு இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்து, சுத்தமாகத் தீர்ந்ததை உறுதி செய்துகொண்டுதான் உள்ளே வைத்திருக்கிறார். வெறும் வயிற்றோடு மாதக்கணக்கில் படுத்தால் எந்தப் பேட்டரி எழுந்திருக்கும்?

பாதி வைக்க வேண்டும் என்று மறுபடி சொன்னேன். டீச்சர் காப்பி டம்ளரை வாங்கிக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்: "ஆத்தைப் பூட்டிண்டு போறச்சே மெயினை அணைக்கறோம், காஸை மூடறோம், குழாயை இறுக்கறோம். இதை மட்டும் உயிரோட விட்டுட்டுப் போன்னு சொன்னா, ரயில்லே எனக்குத் தூக்கம் வருமா?"

கும்பளங்கியின் குளிர்

மறுநாள் வியாழக்கிழமை. மல்லிகா காலையிலேயே கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, நான் வேணும்னா அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்கட்டா? தேதி மாத்துவாங்களான்னு?" என்றாள். முந்தின தடவையும் அப்படி எழுதியிருக்கிறாள்; பதில் வரவில்லை. கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கும்பளங்கிக்குப் போனேன்.

அங்கே ஜோசி சேட்டன் காயல் ஓரத்தில் வீட்டின் இரண்டு அறையை விருந்தினருக்கு விடுகிறவர். மழைக்காலத்தில் ஆள் வராது, லேப்டாப்புக்கும் விடுமுறை. என்னைக் கண்டதும், "அண்ணாச்சி வந்தது நன்னாயி" என்று கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிப்போனார். சாயா தரப்போகிறார் என்று நினைத்தேன். ஃபிரிட்ஜைத் திறந்தார். கரிமீன் தட்டுக்கும் தயிருக்கும் நடுவில், பிளாஸ்டிக் பையில் கட்டிய லேப்டாப் படுத்திருந்தது. சூடு படாத இடத்தில் வைக்கச் சொன்னது நான்தான். கும்பளங்கியில் அதைவிடச் சூடு குறைந்த இடம் இல்லை என்பதும் நிஜம்தான்.

ஆனால் பைக்குள் காற்றோடு ஈரமும் இருந்திருக்கிறது. அது குளிர்ந்து, சொட்டாகி, உள்ளே இறங்கியிருக்கிறது. பேட்டரியின் கம்பி சேருகிற இடமெல்லாம் பச்சைக் களிம்பு. ஜோசி சேட்டன் மனைவி லில்லி சேச்சி வாசலில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஃபிரிட்ஜில் இடம் இல்லை என்று சண்டை போட்டவர் அவர்தான் போல. நான் மெல்லச் சொன்னேன், இது உதவாது சேட்டா என்று. அவர் பையையும் பார்த்தார், கரிமீனையும் பார்த்தார். தெரிந்த தமிழில் சொன்னார்: "ரெண்டும் ஒரே நாள் வெச்சது அண்ணாச்சி. மீன் ஒண்ணும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே."

வடக்கு அறை

திரும்பிவந்து, என் வீட்டுத் தட்டிலும் ஒருமுறை தேடினேன். இந்த மாடல் அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தேடினேன்.

என் வீட்டில் வெயில் படாத அறை ஒன்றுதான். வடக்குப் பக்கம், சிவப்புத் தரை, மழையிலும் சுவர் கசியாது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், பேட்டரிகளை வைக்க அந்த அறையை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் பாதி சார்ஜில், ஒன்றோடொன்று உரசாமல், அட்டைப்பெட்டியில் வரிசையாக. என் மனைவி கோமதிக்கும் எனக்கும் மிஞ்சியது அடுக்களை ஒட்டின அறை. மேட மாத வெயிலில் அடுப்புச் சூடும் ஓட்டுச் சூடும் சேர்ந்து அந்த அறை கொதிக்கும். அவள் அட்டையால் விசிறிக்கொண்டு, வடக்கு அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோபமெல்லாம் இல்லை. கோபம் வந்தால் அவள் பேசவே மாட்டாள்.

அவள் கண்ணை மூடின பிறகு நான் அந்த அறைக்கு மாறிப் படுத்திருக்கலாம். மாறவில்லை. அங்கே நுழையும்போதெல்லாம் அவள் விசிறியபடி சொன்னது காதில் விழும்: "அடுத்த பிறவியில நான் உங்க வீட்ல பேட்டரியாப் பிறக்கணும்."

எந்த லேப்டாப்

மிஞ்சியது ஒரே ஒரு வீடு. அங்கே நான் கடைசியாகப் போகவேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். போகவே கூடாது என்றும் நினைத்திருந்தேன்.

சஃபியா இத்தா எங்கள் தெருவுக்குப் பின் சந்தில் இருக்கிறார். தமிழ் ராவுத்தர் குடும்பம்; அக்காவை அங்கே இத்தா என்பார்கள். கணவர் இல்லை. ஒரே மகன் அனஸ், மனைவி குழந்தையோடு ஷார்ஜாவில். அவன் படிக்கிற காலத்தில் என்னிடம் வாங்கின லேப்டாப்பை இங்கேயே விட்டுப் போனான். இத்தா முன்பெல்லாம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதை எடுத்துத் துடைத்து, நிறைய சார்ஜ் ஏற்றி, அவன் சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டுவார். திறந்து பார்க்க முடியாது. பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும், அதுவும் மறந்திருக்கலாம். ஒரு தடவை சார்ஜர் பழுதென்று வந்தபோதுதான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது. பாதி வையுங்கள் என்றேன். "வீட்டுக்கு வர்ற பிள்ளைக்கு யாராவது பாதிச் சட்டியில சோறு வைப்பாங்களா?" என்று சண்டைக்கு வந்தார். "அது தூங்குது இத்தா. தூங்குறவனுக்கு எதுக்கு வயிறு நிறையச் சோறு?" என்றேன். அதை ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து சில மாதத்துக்கு ஒருமுறை கடைக்கு எடுத்துவந்து, பாதி இருக்கிறதா என்று என்னையே பார்க்கச் சொல்வார். நான் விற்றவர்களில் என் பேச்சை மூன்றுக்கு மூன்றும் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஊரிலேயே உயிரோடு இருந்த அந்த மாடல் பேட்டரியும் அது ஒன்றுதான்.

மல்லிகாவையும் கூட்டிப்போனேன். விஷயத்தைச் சொன்னேன். இத்தா சாயா கொடுத்தார், மல்லிகாவின் நனைந்த துப்பட்டாவைப் பார்த்தார். "அவன் சாமானாச்சே அண்ணே. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்" என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மறுபக்கம் சத்தம், வண்டிகள், அனஸ் அவசரத்தில் இருந்தான். "மோனே, உன் லேப்டாப் பேட்டரியை ஒரு பெண்குட்டிக்குப் பரீட்சைக்குக் கொடுக்கலாமான்னு கேட்கிறாங்க" என்றார். அவன் கேட்டான்: "எந்த லேப்டாப், உம்மா?"

எழுந்து போகிறவனுக்கு

நாங்கள் பதில் வாங்காமலே திரும்பினோம். இத்தா "நாளைக்குச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். வழியில் மல்லிகா, "வேண்டாம் மாமா, விட்டிருங்க. அந்தம்மா முகம் போன போக்கைப் பார்த்தீங்கல்ல" என்றாள். பரீட்சை இவளுடையது, கவலை அவருக்காக.

வெள்ளிக்கிழமை கடை திறக்கும்போது இத்தா வாசலில் நின்றிருந்தார். லேப்டாப் வெள்ளைத் துணியில். வாங்கி, சார்ஜரைச் செருகிப் பார்த்தேன். விளக்கு நிறம் மாறிவிட்டது, நிறைந்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. இத்தனை காலம் பாதியில் காத்தவர், கேட்ட அன்றைக்குப் பார்த்துப் பழையபடி ஏற்றிவைத்திருக்கிறாரே. "என்ன இத்தா, ஃபுல்லா இருக்கே?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தூங்குறப்ப பாதி போதும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப அது எழுந்து பரீட்சைக்குப் போகுது. பாதி வயித்தோடயா அனுப்பறது?"

சிவப்பு விளக்கு

அவர் சொன்னதுதான் சரி. எடுத்துவைக்கப் பாதி, வேலைக்குப் போக நிறைய. அந்தப் பேட்டரியை மல்லிகாவின் மிஷினுக்கு மாற்றினேன். கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும் என்று, இன்டர்நெட்டுக்கு ஆரம்பத்திலிருந்தே போனையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். லேப்டாப்பைத் துணிமேல் வைக்காமல் பலகைமேல் வைக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை அவள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் வரக்கூடாது என்று ஃபேனையும் நிறுத்திவிட்டாள். நானும் முருகேசனும் எதிரே சலவைக்கூடத்து ஷெட்டில் இருந்தோம். அவர் மின்சாரப் பெட்டியால் ஒரு ஹோட்டல் விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மழை வலுத்தது. பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஷெட்டில் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். எதிரே கதவு மூடியே இருந்தது. உள்ளே போகவும் முடியாது; கேமராவில் வேறு ஆள் தெரிந்தால் தேர்வு போச்சு. முருகேசன் ஆறின பெட்டியால் அதே விரிப்பை அதே இடத்தில் தேய்க்க ஆரம்பித்தார். மடிப்பு போகவில்லை, அவர் அதைப் பார்க்கவும் இல்லை. நான் அந்தப் பேட்டரியைச் சஃபியா இத்தா வருடக்கணக்கில் பார்த்துக்கொண்ட விதத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. மல்லிகா தலையைப் பின்னால் முடிந்துகொண்டே வந்தாள். முடித்துவிட்டாளாம், முழுதும். அப்பாவின் முகத்தையும் அணைந்த பெட்டியையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்னப்பா, கரண்ட் போச்சா? எப்போ?"

பாஸ்வேர்டு

அவளுக்கு வேலை கிடைத்தது. கம்பெனியே புது லேப்டாப் கொடுத்துவிட்டது. அதைக் கடையில் கொண்டுவந்து காட்டினபோது முருகேசனும் கூட வந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "பெட்டி வைக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றார்.

இரவல் பேட்டரியைத் திரும்ப இத்தாவின் மிஷினில் மாட்டி, பாதிக்குக் கொண்டுவந்து, வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். மல்லிகாவும் வந்தாள், கையில் அல்வா. இத்தா அவளை உட்காரவைத்து, வேலை என்ன, தூரம் எவ்வளவு, எந்த பஸ் என்று எல்லாம் கேட்டார். பிறகு என் கையிலிருந்த துணிமூட்டையை வாங்கவில்லை. "உள்ளே இருக்கிறதையெல்லாம் அவனுக்கு வேணும்னு ஒரு பென் டிரைவில எடுத்து வெச்சிட்டு, இதைப் புதுசாக்கிக் கொடுங்க" என்றார். பேரனை அந்தச் சின்ன போனில் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறதாம். பெரிய திரையில் பார்க்கவேண்டும், பிரியாணி வீடியோவும் பார்க்கவேண்டுமாம்.

நான் சந்தோஷமாக மறுபடி ஆரம்பித்தேன்: தினமும் ஓடுகிற பேட்டரிக்கு வேறு முறை இத்தா, எந்நேரமும் சார்ஜரில் விடாதீர்கள், கொஞ்சம் இறங்கினதும் ஏற்றுங்கள், மெத்தைமேல் வைக்காதீர்கள். இத்தா அல்வாவை வெட்டிக்கொண்டே கேட்டார். எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது. பாஸ்வேர்டு என்ன போடட்டும் என்று கேட்டேன். "என் பேரு போடுங்க. அடுத்த தடவை அவன் எந்த லேப்டாப்னு கேட்டா, என் லேப்டாப்னு சொல்லணும்."

பேட்டரியைப் பாதி நிரப்பி வையுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவந்ததில் நான் கண்டது என்னவென்றால், நாம் சொல்வதிலும் எல்லோரும் பாதியைத்தான் எடுத்துவைக்கிறார்கள், அது எந்தப் பாதி என்பது மிஷினைத் திறக்கிறவரை நமக்குத் தெரிவதில்லை.